வாய்க்கால் வழியே ஒரு சனி, ஞாயிறு

சனிக்கிழமை காலையில் புதுச்சேரிக்குள் நுழையும் வெளியூர் கார்களெல்லாம் கிழக்கே, கடலைப் பார்த்துத்தான் போகும். விழுப்புரம் சாலையில் வருகிறவர்களுக்கு வில்லியனூர், மூலக்குளம், ரெட்டியார்பாளையம் எல்லாம் சிக்னலில் நிற்க வேண்டிய இடங்கள், அவ்வளவுதான். இந்திரா காந்தி சதுக்கத்தைத் தாண்டினால் கடற்கரை, மஞ்சள் சுவர், பிரெஞ்சுப் பெயர்ப் பலகை. ஞாயிறு மாலை அதே கார்கள் அதே சாலையில் திரும்பிப் போகும்.

தைப் பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, ரெட்டியார்பாளையத்து வீடு ஒன்றிலிருந்து மூன்று நண்பர்கள் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் மேற்கே கிளம்பினார்கள். லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் இந்த வீட்டுக்காரர். கூடப்பாக்கத்தில் ஒரு காணி நிலம் வைத்து இன்னமும் நெல் போடுகிறவர். இரண்டாமவருக்கு நிலம் திண்டிவனம் பக்கம், வீடூர் அணைக்கு அருகில். மூன்றாமவர் இருபது வருடமாக இங்கிலாந்தில், லங்காஷயர் மாவட்டத்துக் கிளிதெரோ என்ற சின்ன ஊரில் இருக்கிறார். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. லீவில் வந்தவர் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் முடித்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு நாளை நண்பர்களுக்கு ஒதுக்கியிருந்தார்.

"பீச்சுக்குப் போலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "கடல் அங்கயும் இருக்குதுடா. ஏரியக் காட்டு" என்றார் லங்காஷயர்காரர்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஏரிக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு காணியைப் பற்றித்தான் ஒரு மாதமாக வீட்டில் பேச்சு. பக்கத்து நிலம் மனையாகிவிட்டது. வாங்கியவர்களே இதையும் கேட்கிறார்கள். முன்பணத்தோடு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இதை நண்பர்களிடம் அவர் முதல் நாள் மதியம்வரை சொல்லவில்லை.

தண்ணீர் போன திசை

ரெட்டியார்பாளையம் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. பேரிலேயே உழவர் இருக்கிற நகராட்சி. ஆனால் அதன் தெருக்களில் இப்போது உழவு மாடு பார்ப்பது அபூர்வம். வீட்டுக்காரரின் சின்ன வயதில் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் வயல் தெரியுமாம். இன்று தெரிவது எதிர்வீட்டு மாடிப்படி.

முதலில் வடக்கே திரும்பி முத்திரைப்பாளையம் போனார்கள். அங்கே இறங்கிப் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் புதுச்சேரி நகரம் தண்ணீர் குடித்த கதை தொடங்குவது அங்கேதான். கடலோரத்தில் கட்டிய நகரத்துக்கு நல்ல தண்ணீர் கிடைக்காமல், பிரெஞ்சுக்காரர்கள் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்து ஊற்றிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அதன் நினைவாகத்தான் பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம் நிற்கிறது. ஆயி என்பவள் ஒரு தாசி. ராஜா ஒருவர் அவள் மாளிகையைக் கோயிலென்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு, உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். அவளே அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. கார்களில் வருகிறவர்கள் மண்டபத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை.

குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புதுச்சேரி விவசாயிகள் மண் பரிசோதனைக்கும் நாற்றுக்கும் பயிற்சிக்கும் போகிற இடம். நகரத்துக் குப்பை வந்து சேருகிற இடமும் குரும்பாபேட்தான். ஒரே ஊரின் பெயரைச் சொன்னால் விவசாயிக்கு விதை ஞாபகம் வருகிறது, நகரத்துக்காரருக்குக் குப்பை லாரி ஞாபகம் வருகிறது. மூன்று பேரும் மூக்கைப் பொத்தியபடி அந்தப் பகுதியைக் கடந்தார்கள்.

அதற்கப்பால் காற்று மாறியது. கரை ஏறியதும் ஊசுட்டேரி கண் எட்டும்வரை கிடந்தது.

ஊசுட்டேரி

புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி இதுதான். ஏறக்குறைய 800 ஹெக்டேர். இதில் பாதிக்குச் சற்றுக் குறைவு புதுச்சேரியைச் சேரும். மிச்சம் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது. பறவைகளுக்கும் தெரியாது. புதுச்சேரி அரசு தன் பக்கத்தை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

மழை நன்றாகப் பெய்திருந்ததால் ஏரி நிறைந்திருந்தது. நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாகக் கறுப்புப் புள்ளிகளாக மிதந்தன. கரையோரக் கோரையில் நீலத் தாழைக்கோழி காலை நீட்டி நீட்டி நடந்தது. தூரத்தில் கூழைக்கடாக்கள். வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் இருந்தன. வாத்து இங்கே வருகிற பருவத்தில்தான் லங்காஷயரில் பனி கொட்டும். "அதுக்கும் லீவு, எனக்கும் லீவு" என்றார் அங்கிருந்து வந்தவர்.

திண்டிவனத்து நண்பருக்கு வேறு கணக்கு. சங்கராபரணி ஆற்றின் தண்ணீர் வீடூர் அணையைத் தாண்டி, செஞ்சி ஆறு என்ற பேரும் சொல்லிக்கொண்டு கீழே இறங்கி, சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத்தான் ஊசுட்டேரிக்கு வருகிறது. "எங்க ஊர்த் தண்ணியிலதான்டா நீ சோறு திங்கற" என்று வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார்.

"வேணும்னு கேக்கறப்ப குடுக்க மாட்டீங்க. வேணாம்னு சொல்றப்ப மொத்தமா அனுப்புவீங்க" என்றார் அவர்.

அதில் பொய்யில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வீடூர் அணை திறக்கப்பட்டு சங்கராபரணி கரை மீறியது. அந்த மழையில் எந்த வயல் எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தது என்பதை முடிவு செய்தது மழையின் அளவு மட்டுமல்ல. வடிகால் திறந்திருந்த வயலில் தண்ணீர் இறங்கியது. அடைபட்டிருந்த வயலில் பயிர் அழுகியது.

கரையிலிருந்து மதகு வழியாக இறங்கினால் பாசன வாய்க்கால். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களே சங்கமாகச் சேர்ந்து, காணிக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, மதகும் வாய்க்காலும் பார்த்துக்கொள்ளும் வழக்கம் புதுச்சேரிப் பகுதியில் இருந்தது. பிறகு பொதுப்பணித் துறை வந்தது. ஆழ்குழாய்க் கிணறு வந்தது. கிணறு வந்த பிறகு வாய்க்காலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது, ஏரிக்கு ஏரி விவசாயிகள் சங்கங்களை மறுபடியும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. தாத்தா காலத்தில் இருந்ததைப் பேரன் காலத்தில் திட்டமாக எழுதினார்கள்.

ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி ஏரியை விட்டுவிட முடியாது என்பதைக் கடலோர ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். உறிஞ்ச உறிஞ்ச நிலத்தடியில் உப்புநீர் ஏறுகிறது. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கிணற்றிலும் நல்ல தண்ணீர் நிற்கும். ஊசுட்டேரி பாசனம் தரும் அளவு குறைந்துபோனாலும், அதைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கு அதுதான் தாய்.

ஒரு காணி

கூடப்பாக்கம் என்றால் கனகாம்பரம். இந்த ஊர் வெங்கடபதி ரெட்டியார் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு கனகாம்பர விதைக்குக் காமாக் கதிர் காட்டி, நிறத்திலும் அளவிலும் புதுப்புது ரகங்களைக் கொண்டுவந்தார். சவுக்கிலும் வேலை செய்தார். 2012-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பூச்செடி வாங்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் இந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள். கடற்கரைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூட இந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

வீட்டுக்காரரின் நிலம் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தார்கள். சம்பா அறுத்து முடிந்த தாள் நின்றது. ஒரு மூலையில் நவரைக்கு நாற்றங்கால் தயாராக இருந்தது.

புதுச்சேரிப் பக்கம் 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. ஏக்கரில் சொன்னால் ஒன்றே கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. வீட்டுக்காரரின் அப்பா குழிக் கணக்கில் சேர்த்துச் சேர்த்து வாங்கிய நிலம் இது. கேட்க வந்தவர்கள் குழி பேசவில்லை, காணி பேசவில்லை. சதுர அடி பேசினார்கள்.

அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

நண்பர்கள் இருவரும் உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்து மனைப்பிரிவில் சிவப்புக் கிராவல் கொட்டிச் சாலை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கல் வரிசையாக நட்டிருந்தது. ஏரி மதகிலிருந்து வருகிற கிளை வாய்க்கால் அந்த நிலத்தின் ஓரமாக வந்து, அதற்குப் பிறகுதான் இவர் வயலுக்குள் நுழையும். கிராவல் கொட்டியவர்கள் ஒரு இடத்தில் வாய்க்காலிலும் கொட்டியிருந்தார்கள். இருபது அடி நீளத்துக்கு வாய்க்கால் என்ற ஒன்று இருந்த அடையாளமே இல்லை.

"இது புறம்போக்குதானே? வரைபடத்துல இருக்குமே" என்றார் திண்டிவனத்துக்காரர்.

"வரைபடத்துல இருக்குது. தரையில இல்ல."

நெல்லில் பெரிய லாபமில்லை என்பது மூவருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்காரரை விற்கத் தூண்டியது லாபக் கணக்கு மட்டுமல்ல. மேலே இருப்பவர் வாய்க்காலை மூடினால் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் வராது. மழைக் காலத்தில் தண்ணீர் போகாது. போன மழையில் அவர் சம்பா பத்து நாள் மூழ்கிக் கிடந்தது. ஒருவர் விற்றால் அடுத்தவர் விற்றாக வேண்டியிருக்கிறது. இவர் விற்றுவிட்டால் இவருக்குக் கீழே நாலு காணி இருக்கிறது. அந்த நாலு குடும்பத்துக்கும் பிறகு இதே நிலைதான்.

மாடியில் பேச்சு

அன்று இரவு ரெட்டியார்பாளையத்து மொட்டை மாடியில் பாய் விரித்திருந்தது. வீட்டம்மா மொச்சைக் குழம்பும் நெத்திலி வறுவலும் செய்திருந்தார். லங்காஷயர்காரர் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, தன் ஊரில் சனி, ஞாயிறு எப்படிப் போகும் என்று சொல்லத் தொடங்கினார்.

கிளிதெரோவைச் சுற்றி ரிப்பிள் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பெண்டில் என்ற குன்று. நெல் கிடையாது, புல்லும் ஆடும் மாடும்தான். கல்லை அடுக்கி, சுண்ணாம்போ சிமென்ட்டோ வைக்காமல் கட்டிய மதில்கள் மேட்டுக்கு மேடு ஏறிப் போகும். மற்ற இடங்களில் உயிர்வேலி. பழைய உயிர்வேலியை நில உரிமையாளர் நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. உள்ளூர் மன்றத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 1997-லிருந்து விதி இருக்கிறது. வார இறுதி ஆனால் அங்குள்ள நண்பர்கள் இவரைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார்கள். முதல்முறை போனபோது ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்துக்குள் நேராக நுழைந்ததைப் பார்த்து இவர் தயங்கி நின்றாராம். "அடிக்க வரப் போறாங்கடா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாராம்.

அடிக்க யாரும் வரவில்லை. காரணம், அது பொதுப்பாதை. நிலம் விவசாயியுடையது, அதன் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையில் நடக்கும் உரிமை எல்லாருடையது. நிலம் பத்துக் கை மாறினாலும் பாதை மாறாது. மதில் குறுக்கே வந்தால் ஏறி இறங்கப் படி வைத்திருப்பார்கள். விவசாயி அந்தப் பாதையை உழலாம். உழுதால் 14 நாளுக்குள் மறுபடி நடக்கிற மாதிரி சரி செய்துவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டர்.

"சும்மா குடுத்துட்டானா?" என்றார் திண்டிவனத்துக்காரர்.

சும்மா வரவில்லை. மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் புகையில்லாத காற்று. ஆனால் சுற்றியிருந்த குன்றுகளில் பெரும்பகுதி பிரபுக்களின் வேட்டைக் காடு. காவல்காரர்கள் விட மாட்டார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, சில நூறு பேர் சேர்ந்து கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டின் மேல் ஏறிவிட்டார்கள். ஐந்து பேருக்குச் சிறை கிடைத்தது. 1949-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுப்பாதைகளையெல்லாம் வரைபடத்தில் குறித்தாக வேண்டும்; குறித்தது குறித்ததுதான். 1951-ல் அந்தக் குன்றுப் பகுதியே நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது.

கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறியதற்கு முந்தின வருடம் அந்த வட்டாரத்துக்கு இன்னொரு வார இறுதி விருந்தாளி வந்திருந்தார். வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போயிருந்த காந்தி. இந்தியாவில் அந்நியத் துணி பகிஷ்காரத்தால் லங்காஷயர் ஆலைகள் பல நின்று, தொழிலாளர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களை நேரில் பார்க்க வேண்டுமென்று 1931 செப்டம்பர் கடைசி வாரம் டார்வென் ஊருக்குப் போனார். 26-ம் தேதி, சனிக்கிழமை, கிரீன்ஃபீல்டு ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று கைதூக்கி ஆரவாரம் செய்யும் படம் உலகம் முழுதும் போனது. அங்கிருந்து கிளிதெரோவுக்குப் பக்கத்தில் வெஸ்ட் பிராட்ஃபோர்டு என்ற கிராமத்தில் ஹெய்ஸ் பண்ணை வீட்டில் தங்கினார். வேலையிழந்தவர்கள் அங்கே வந்து அவரைப் பார்த்தார்கள். இந்தியக் கிராமத்தில் வருடத்தில் பாதி நாள் வேலையில்லாமல் இருக்கும் விவசாயிக்கு ராட்டை ஏன் வேண்டும் என்பதை அவர்களிடமே எடுத்துச் சொன்னார். லங்காஷயர்காரர் வீட்டிலிருந்து அந்தக் கிராமம் நடக்கும் தூரம். முக்கால்வாசிப் பாதை வயல் வழியேதான் போகும்.

"லங்காஷயர்லயும் மில்லு போச்சு, முதலியார்பேட்டையிலயும் மில்லு போச்சு" என்றார் வீட்டுக்காரர். அவருடைய மாமனார் மில் தொழிலாளி.

"நடக்க வர்றவனால விவசாயிக்கு என்ன லாபம்? வரப்பு கரையும், அவ்வளவுதானே?" திண்டிவனத்துக்காரர் விடவில்லை.

அதற்கு லங்காஷயர்காரர் 2001-ஐச் சொன்னார். அந்த வருடம் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியது. இங்கே கோமாரி வந்தால் வாயையும் குளம்பையும் கழுவி, மருந்து போட்டு, மாட்டைக் காப்பாற்றப் பார்ப்போம், தடுப்பூசி போடுவோம். அங்கே நோய் வந்த பண்ணையையும் அதைச் சுற்றியுள்ள பண்ணைகளையும் சேர்த்து மந்தையோடு கொன்று எரித்தார்கள். அறுபது லட்சத்துக்கு மேல் ஆடு, மாடு, பன்றி. நோய் பரவாமலிருக்க நாட்டின் நடைபாதைகளையும் மாதக்கணக்கில் மூடினார்கள். அப்போதுதான் ஊருக்கே ஒரு கணக்கு புரிந்தது. மந்தை போனதால் வந்த நட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான நட்டம், நடக்க வருகிறவர்கள் வராததால் வந்தது. பண்ணை வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி ராத் தங்கலும் காலைச் சாப்பாடும் கொடுத்த குடும்பங்கள், பண்ணை வாசலில் முட்டையும் பாலாடைக்கட்டியும் விற்ற குடும்பங்கள், டீக்கடை வைத்தவர்கள் எல்லாம் வெறுங்கையோடு நின்றார்கள்.

நாய் ஒன்று தெருவில் குரைத்தது. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பாதைக்கு ஒரு சட்டம் போட்டு அதை விடாமப் பிடிச்சிருக்கான் பாரு" என்றார் பிறகு. "நம்ம வாய்க்காலுக்கும் சட்டம் இருக்குது. பிடிக்கத்தான் ஆளில்ல."

பாகூர் வரை

ஞாயிறு காலை வில்லியனூர். திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்குப் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிப்பார் என்பார்கள். இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வழியில் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று 178 பிரதிநிதிகள் வாக்களித்த இடம். 170 பேர் சேரலாம் என்றார்கள். நகரத்தில் நடக்கவில்லை, வயல் நடுவில் ஒரு கிராமத்தில் நடந்தது. நினைவுத்தூணைச் சுற்றி அன்று ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து மங்கலம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம். இந்தச் சாலைகளில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும். தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி வரும். பலகையைப் பார்க்காவிட்டால் வயலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சாராயக் கடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பிரிந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்களின் பெயரைச் சேர்த்து இந்த வாய்க்காலுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆயி குளம் வெட்டினாள், பங்காரி பெயரில் வாய்க்கால் ஓடுகிறது. இந்தப் பக்கத்தில் தண்ணீர்க் கதைகளில் எல்லாம் எப்படியோ ஒரு பெண் வந்துவிடுகிறாள்.

ஊரின் பழமைக்குச் செப்பேடே சாட்சி. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலையின் செலவுக்காக மூன்று ஊர்களின் வருமானம் எழுதிக் கொடுக்கப்பட்டது. படிக்க வந்தவர்களுக்குச் சோறு போட்டது நெல். நெல்லுக்குத் தண்ணீர் போட்டது இந்த ஏரி, வாய்க்கால்தான்.

ஏரிக்கரையில் புளிய மரத்தடியில் ஒரு பாட்டி பனங்கிழங்கு அவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்திலே ஒரு கூடை பச்சை மொச்சை. கர்நாடகப் பதிவெண் கார் ஒன்று வந்து நின்றது. கடலூர்ச் சாலையில் வழி தவறி உள்ளே வந்துவிட்டார்கள் போல. இறங்கிய இளம் தம்பதி முதலில் ஏரியைப் படம் எடுத்தார்கள். பிறகு கிழங்கைக் காட்டி, அதை எப்படித் தின்பது என்று கேட்டார்கள். பாட்டி ஒன்றை உரித்து, நார் எடுத்து, நடுவில் இருக்கும் பீலியை நீக்கி, ஒடித்துக் கொடுத்தார். அவர்கள் பத்துக் கட்டு வாங்கினார்கள். மொச்சையையும் கூடையோடு கேட்டார்கள். கூடையை மட்டும் தர மாட்டேன் என்றுவிட்டார்.

"தெனம் இப்பிடி வர்றாங்களாம்மா?" என்று கேட்டார் லங்காஷயர்காரர்.

"எங்க வர்றாங்க தம்பி. வழி தெரியாம வந்தாத்தான் உண்டு."

மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேச்சில் சேர்ந்துகொண்டார். அவருக்கு நிலம் வாய்க்காலின் கடைமடையில். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பொங்கியபோது இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் புகுந்தது. அவர் வயலில் மணல் ஏறிவிட்டது. அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி நட்டிருக்கிறார். வீட்டுக்காரர் தன் வாய்க்காலில் கிராவல் கொட்டியதைச் சொன்னார்.

பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "நீங்க எடுத்துப் போட்டீங்களா?"

"மனு குடுக்கலாம்னு..."

"மனு குடுங்க. குடுக்கணும். ஆனா அது வரைக்கும் தண்ணி நிக்காதுங்களே. நாங்க இங்க வருசா வருசம் மொதல்ல மம்முட்டியத்தான் தூக்குவோம். அப்புறம்தான் ஆபீசு. கீழ இருக்கறவங்க நாலு பேரையும் கூப்பிட்டுக்குங்க. தனியாப் போனா சண்டை, நாலு பேரு போனா வேலை."

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் அதிகம் பேசவில்லை. திண்டிவனத்துக்காரர்தான் பேசிக்கொண்டே வந்தார். ஏரியோரத்தில் ஒரு ஓலைக் கொட்டகை போட்டுப் பனங்கிழங்கும் கனகாம்பரமும் கைக்குத்தல் அரிசியும் விற்றால், சனி, ஞாயிறு மட்டுமே போதும் என்று கணக்குப் போட்டார். யார் கொட்டகை போடுவது, கழிப்பறைக்கு என்ன செய்வது, பிளாஸ்டிக் குப்பையை யார் பொறுக்குவது, பறவை இருக்கும் பக்கம் கூச்சல் போடுகிறவர்களை யார் தடுப்பது என்று லங்காஷயர்காரர் ஒவ்வொன்றாகக் கேட்க, அவருடைய கணக்கு வில்லியனூர் வருவதற்குள் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் பாதி மிச்சமிருந்தது.

மாலையில் ரெட்டியார்பாளையம் சிக்னலில் ஊர் திரும்பும் கார்கள் வரிசையாக நின்றன. எதிர்ப் பக்கத்தில் இவர்கள் இரண்டு வண்டியும் காத்திருந்தன.

லங்காஷயர்காரர் திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குச் சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பினார். பையில் ஒரு கிலோ புது அரிசியும் நாலு பனங்கிழங்குக் கட்டும் இருந்தன. விமானத்தில் விடுவார்களா என்று வீட்டம்மாவுக்குச் சந்தேகம். திண்டிவனத்துக்காரர் முந்தைய இரவே போய்விட்டிருந்தார்.

பின்கட்டில் அண்டாவில் ஏ.டி.டி. 37 விதை நெல் ஊறிக்கொண்டிருந்தது. ஞாயிறு சாயங்காலம் வந்ததும் வராததுமாக வீட்டுக்காரர்தான் கொட்டியிருந்தார். ஒரு காணிக்கு முப்பது கிலோ. அவர் தண்ணீரை வடித்து, நெல்லைச் சாக்கில் கட்டி, முளைகட்ட நிழலில் வைத்து, மேலே வைக்கோல் போட்டார். பிறகு போனை எடுத்துக் கூடப்பாக்கத்தில் தனக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் நாலு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மூன்று பேர் எடுத்தார்கள். நாலாவது ஆள் எடுக்கவில்லை. வழியில் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

முன்பணத்தோடு வருகிறவர்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கெல்லாம் அவர் மம்முட்டியையும் கூடையையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.